குழந்தை பிறந்த பிறகு சொல்லுங்கள்

எங்கள் கடையில் இப்போது வாட்ஸ்அப்பில் யார் எதைக் கேட்டாலும் உடனே பதில் போகிறது. கடையை நடத்தும் கௌசல்யாக்காவின் மகள் நித்யா அதற்குத் தானாகப் பதில் எழுதும் ஒரு மெஷினை ஏற்பாடு செய்திருக்கிறாள். தூளித் துணி எத்தனை முழம், கொக்கி எவ்வளவு எடை தாங்கும், சாயம் போகுமா என்று தாய்மார்கள் எந்நேரமும் கேட்கிறார்கள். மெஷின் அலுக்காமல் சொல்கிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் அந்தக் கேள்விகள் கடை திறக்கும்வரை காத்துக்கிடந்தன. இது நல்ல மாற்றம்தான்.

போன மாதம் நித்யா வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, மெஷினுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன். காத்திருக்கற ஆர்டருக்கு மட்டும் இன்னா சொல்றதுன்னு அம்மாவைக் கேட்டா, உங்களைக் கேளுன்றாங்க. எழுதிக் குடுங்க ஆன்ட்டி, பேசினா நீங்க ரொம்ப நேரம் பேசுவீங்க" என்றாள். எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே நைட்டியும் மசாலாப் பொடியும் ஆன்லைனில் விற்கும் பெண்கள் சிலரும் இதையே கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். விடியற்காலை ரயிலில் ஏறி, பாதி உறக்கத்தில் போய், பாதி உறக்கத்தில் திரும்பிய வருடங்கள் அவை. அங்கே படித்துக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயரைக் கேட்டு, பெயரைச் சொல்லிப் பேசு, குறுக்கே பேசாதே, மன்னிப்பை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடு. இதில் கடைசியை மறந்துவிடும்படி நான் கடையில் சேர்ந்த அன்றே கௌசல்யாக்கா சொன்னார். "முதல்லயே மன்னிப்பு கேட்டா, மேல பேசாதன்னு சொல்ற மாதிரி இருக்கு. அவங்க முழுசா சொல்லட்டும்" என்றார்.

கடை என்றால் சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய, ஒட்டியபடி இருந்த இரண்டு லைன் வீடுகள். நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்கியிருந்தார்கள். முன்பக்கம் தையல் மிஷின்கள், ஓரத்தில் பார்சல் கட்டும் மேசை, ஜன்னலோரம் என் நாற்காலி, போன். பின்பக்கம் கொடிகள். தூளிக்கான பருத்தித் துணியைக் கஞ்சி முழுவதும் போகும்வரை துவைத்து உலர்த்திய பிறகே வெட்டுவார்கள். அந்தத் துணிகள் பின்னால் காய்ந்துகொண்டே இருக்கும். தூரத்தில், பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேடு வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும். அங்கிருந்து காற்று வந்தால் கொடியில் மடித்துப் போட்ட துணிகள் எல்லாம் வயிறு உப்பி, ஒவ்வொன்றிலும் யாரோ படுத்திருப்பதுபோல மெல்ல ஆடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். அங்கே வேலை செய்த யாரும் மதியத்தில் முழு விழிப்போடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கௌசல்யாக்கா முன்பு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். போன் அடித்தால் எழுந்து நிற்பார். பேசி முடிக்கும்வரை உட்காரமாட்டார். "வீட்டுக்கு ஆள் வந்தா உக்காந்துகினா பேசுவோம்?" என்பார். வாங்குபவர்களைக் கஸ்டமர் என்று சொல்லவும் விடமாட்டார். கடையில் எல்லோரும் ஊர்ப்பெயரோடு 'வீடு'தான். ஹாசன் வீட்டுக்குக் கொக்கி அனுப்பியாச்சா, கிருஷ்ணகிரி வீட்டுக்குச் சிவப்புப் பிடிக்கவில்லையாம் என்றே பேச்சு நடக்கும். நானும் அப்படியே பழகிவிட்டேன். ஆர்டர் தவறினால் அது ஒரு எண் தவறுவதாக இருக்காது; ஒரு வீட்டில் முகம் சுருங்குவதாக இருக்கும்.

விற்பனையைப் பற்றி அவர் பள்ளிக்கூடத்தில் எதுவும் படித்தவரில்லை. ஆனால் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பார். துணியைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு கையை வைத்து எடுக்கச் சொல்வார், துணியின் கனம் தெரியும் என்று. மஞ்சள் நிறத்தைக் காலை வெயிலில் மட்டுமே எடுக்கவேண்டும். முதல் இரண்டு துவைப்பில் சிவப்புக் கொஞ்சம் சாயம் விடும் என்பதைப் படத்துக்குக் கீழேயே எழுதினார். அதைப் படித்த பிறகு சிவப்பு கூடுதலாகவே விற்றது. எங்கள் ஆன்லைன் பக்கத்தில் 'தூளி' என்று மட்டும் எழுதியிருந்தோம். வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் ஏணை என்று தேடுவார்கள், கன்னடக்காரர்கள் ஜோலி என்பார்கள், தெலுங்கில் உய்யாலா. எல்லாச் சொற்களையும் அந்தப் பக்கத்தில் சேர்த்தோம். அவரவர் வீட்டில் சொல்லும் சொல்லைக் கண்டதும் அவர்கள் வந்தார்கள்.

ஆனாலும் ஆரம்பத்தில் ஒன்று புரியவில்லை. நிறையப் பேர் பக்கத்துக்கு வந்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாங்காமல் போனார்கள். நினைவூட்டு, விலையைக் குறை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கௌசல்யாக்கா வேறொன்றைக் கவனித்தார். கர்ப்பமாக இருந்த அவருடைய தங்கை எங்கள் பக்கத்தையே போனில் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அறைக்குள் வந்ததும் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான் விஷயம். குழந்தை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதையும் வாங்கி வீட்டில் வைக்கக்கூடாது. பார்க்கலாம், ஆசைப்படலாம், வாங்கக்கூடாது.

அன்று மாலையே பக்கத்தில் ஒரு வரி ஏறியது. "பிடித்ததைச் சொல்லி வையுங்கள். குழந்தை பிறந்த பிறகு சொல்லுங்கள். அதுவரை எங்களிடம் இருக்கும்." எங்கள் கடை நிலைத்து நின்றது அந்த ஒரு வரியால்தான்.

அந்த வரிக்கென்று சில முறைகள் உண்டாயின. சொல்லி வைத்த துணியை மடித்து உள் அறை அலமாரியில் வைப்போம். பெட்டியில் போடமாட்டோம், கயிறு கட்டமாட்டோம். ஊரின் பெயர் மட்டும் எழுதிய சீட்டு மேலே இருக்கும். எப்போது பிறக்கும் என்று கேட்கமாட்டோம். எத்தனை நாளானாலும் நாங்களாகக் கூப்பிடமாட்டோம். சில துணிகளுக்கு அழைப்பு வரவே வராது. அவற்றையும் அலமாரியில் அப்படியே விட்டுவைப்போம். தூசி தட்டும்போது அவற்றின் மேல் மட்டும் எல்லோருடைய கையும் மெதுவாகப் போகும்.

அழைப்பு வந்துவிட்டால் நேர் எதிர். மிஷின் சத்தத்தில் கூவினால் கேட்காது என்பதால், போனில் "பிறந்துவிட்டது" என்று கேட்டவர் வலது கையைத் தூக்கவேண்டும். தூக்கிய கையைப் பார்த்ததும் பார்சல் மேசையில் இருக்கும் தனம் உள்ளே ஓடுவாள். சீட்டில் இருக்கும் ஊரைப் பார்த்து எடுத்து, கற்கண்டுப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்துக் கட்டுவாள். கொரியர் வண்டி மதியத்தில் ஒரே முறைதான் வரும். அதற்குள் ஏற்றிவிட்டால் மறுநாள் குழந்தை தூளியில் தூங்கும். நான் கேட்டிருக்கும் நன்றிகளில் பாதி அந்த வேகத்துக்குக் கிடைத்தவை.

அந்த வேகமே ஒருநாள் எங்களைக் கவிழ்த்தது.

ஆம்பூர் வீடு. பெண்ணின் பெயர் ரேவதி. சிவப்புக் கரை போட்ட மஞ்சள் துணியைச் சொல்லி வைத்திருந்தாள். அன்று நான் சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கக் குழாயில் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். கொரியர் வண்டி கிளம்பியது. ஓட்டுநர் கையசைத்தார், நானும் அசைத்தேன். உள்ளே வந்தபோது கௌசல்யாக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றார். இன்னொரு கை பாதி உயரத்தில் நின்றிருந்தது, இறக்க மறந்ததுபோல.

"பொறந்துடுச்சிக்கா" என்று ரேவதி சொன்னதும் அவர் கையைத் தூக்கியிருக்கிறார். அதன் பிறகு அந்தப் பக்கம் வெறும் அழுகை; அது அடங்குவதற்குள் தனம் பார்சலைக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள். பிறகுதான் மீதி வந்திருக்கிறது. "ஏழு மாசத்துலயே பொறந்துடுச்சிக்கா. வேலூர் ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்க. இப்ப அனுப்பாதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

தனம் வாசலுக்கு ஓடினாள். வண்டி திருப்பத்தைக் கடந்துவிட்டிருந்தது. ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. கொரியர் அலுவலகத்தில் ஓர் இளம்குரல், "நிறுத்தச் சொல்லிப் பதிவு பண்ணிட்டோம் மேடம்" என்றது. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பார்சல் நிற்கவில்லை. கோலாரைத் தாண்டியது, பெங்களூருக்குப் போனது, அங்கிருந்து ஆம்பூரை நோக்கித் திரும்பியது. கனவில் கால் நகராமல் நின்றுகொண்டு ஒருவர் நடந்துபோவதைப் பார்ப்பதுபோல இருந்தது.

மறுநாள் மாலை போன் வந்தது. நான் எடுத்தேன்.

"யாரும்மா, தூளிக் கடையா?"

"ஆமாங்கம்மா."

"இன்னாத்துக்கும்மா அனுப்பினீங்க? கொழந்த கண்ணாடிப் பொட்டில கீது, மூக்குல கொழாயி. இங்க தூளி வந்து வாசல்ல நிக்குது. உங்க வூட்ல பெரியவங்க யாரும் இல்லியா?"

ரேவதியின் மாமியார் சரோஜா அம்மாள். கௌசல்யாக்கா கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். அந்தப் பக்கம் மூச்சு வாங்கியபோது கேட்டார்: "அது இப்ப எங்கம்மா இருக்கு?"

"துணி தொவைக்கற கல்லு மேல. நான் தொடல. அந்தக் கொரியர்காரன் வெச்சிட்டுப் பூட்டான்."

"அங்க மழை வருமாம்மா?"

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வெளியே போய் வானத்தைப் பார்த்திருக்கவேண்டும். "மூட்டமாத்தான் கீது" என்றபோது குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"காலைல நாங்க வர்றோம்மா."

நித்யா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பார்சலுக்கு ரெண்டு பேர் போவீங்களா? ரிட்டர்ன் போட்டா அவங்களே வந்து எடுத்துக்குவாங்கம்மா" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். கௌசல்யாக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இன்னொருத்தன் போய்க் கதவத் தட்டணும். அந்தம்மா இன்னொரு வாட்டி அதே பொட்டியப் பார்த்துகினு நிக்கணும். வேணாம்மா."

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பனி. ரயில் வந்தது தெரியாமல் சத்தம் மட்டும் முதலில் வந்தது. பங்காருப்பேட்டையில் மாறினோம். குப்பம் தாண்டியதும் மலைகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. பெட்டியில் எல்லோரும் தூங்கினார்கள். கௌசல்யாக்கா ஜன்னலில் தலை சாய்த்திருந்தார், தூங்கவில்லை. ரயில் ஆடிய ஆட்டத்தில் எனக்கு ஒரு நிமிடம், நாங்கள் எல்லோரும் யாரோ ஆட்டிவிட்ட ஒரே துணிக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது.

ஆம்பூரில் குறுகலான தெரு. வீட்டு முற்றத்தில் துவைக்கும் கல். அதன்மேல் ஓர் அலுமினிய அண்டா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மழைக்குப் பார்சல் நனையாதபடி, கையால் தொடாமல் மூடிவைத்திருந்தார் சரோஜா அம்மாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பாதி குறைந்தது.

"வாங்க" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"தப்பு எங்களுதும்மா. நான்தான் அவசரப்பட்டேன். எடுத்துகினு போக வந்திருக்கோம்" என்று கௌசல்யாக்கா அண்டாவை நோக்கிக் குனிந்தார்.

"இரு, தொடாத!"

கை அப்படியே நின்றது.

"நானும் ராத்திரி பூரா அதான் யோசிச்சேன். வாசலுக்கு வந்த தூளிய வெறுமனே திருப்பி அனுப்பினா அது எதுக்குச் சமானம்? உள்ளயும் வரக்கூடாது, வெளியவும் போவக்கூடாது. இன்னா பண்ணுவ இப்ப, சொல்லு பாக்கலாம்."

மாற்றித் தருவதும் திருப்பி எடுப்பதும் தவிர எங்கள் தொழிலில் வேறு வழி கிடையாது. இரண்டையும் அந்த அம்மாள் அடைத்துவிட்டார். மூவரும் கல்லைச் சுற்றி நின்றோம். அண்டாவின் விளிம்பிலிருந்து நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை விடாமல் அழுதது.

கௌசல்யாக்கா மெதுவாகக் கேட்டார்: "உங்க பையன் பொறந்தப்ப முதல் சட்டை எதும்மா போட்டீங்க?"

"எங்க ஓரகத்தி மவன் போட்ட பழசு. எல்லாரும் போடறதுதான? பொறந்த கொழந்தைக்குப் புதுசு யாரு போடு…"

சொல் பாதியில் நின்றது. அழுகை வந்த திசையில் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"ஏ ஷமீம்! புள்ள ஏன் இப்படிக் கத்துது?"

சுவருக்கு அப்பால் ஒரு தலை எழுந்தது. "தூங்கமாட்டேங்குது அத்த! தோள்ல போட்டா முழிக்குது, பாயில போட்டா கத்துது. பைத்தியம் புடிக்குது எனக்கு."

"இங்க வா. அந்த அண்டாவத் தூக்கு. உள்ள இருக்கறத எடுத்துகினு போய் உங்க வூட்ல கட்டு."

"எனக்கா? இன்னா அத்த விசேஷம்?"

"கேள்வி கேக்காத. உன் புள்ள குண்டாகீது, அதான் விசேஷம்."

ஷமீம் சிரித்துக்கொண்டே வந்து எடுத்துப்போனாள். அவள் வீட்டு உத்தரத்தில் கொக்கி ஏற்கெனவே இருந்தது. கௌசல்யாக்கா தன் கையால் முடிச்சுப் போட்டு, முழங்கையை உள்ளே அழுத்திப் பார்த்து, பிறகு குழந்தையைக் கிடத்தினார். மஞ்சள் துணிக்குள் அது இரண்டு முறை உதைத்தது. பிறகு ஒரு கால் மட்டும் வெளியே தொங்க, தூங்கிப்போனது. நாங்கள் நால்வரும் அந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சரோஜா அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காபி குடிச்சிட்டுப் போங்க" என்றார். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது கேட்டார்: "ரேவதிக்கு நான் இன்னா சொல்லட்டும்?"

"பக்கத்து வூட்ல ஒரு தூளி பழசாய்க்கினு இருக்குன்னு சொல்லுங்க" என்றார் கௌசல்யாக்கா.

ஊருக்குத் திரும்பிய மறுநாளே ஒரு முறை மாறியது. போனைக் கீழே வைத்த பிறகே கை உயர்ந்தது. வண்டியைத் தவறவிட்டால் அடுத்த நாள் போகட்டும் என்றாகிவிட்டது. தனத்துக்கு அதில் வருத்தம். வேகம் அவளுடைய பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு ரேவதி சில நாளுக்கொரு முறை கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி நடையில் நின்று பேசுவாள். பின்னால் சக்கர வண்டிகள் உருளும் சத்தம் கேட்கும். அவள் வாங்குவதற்கு எதுவும் இல்லை. எங்களிடம் சொல்வதற்கும் எதுவும் இல்லை. "அக்கா, பழசாயிடுச்சா?" என்று கேட்பாள். "நல்லாப் பழசாய்க்கினே வருது, ஷமீம் பிள்ளை அதுலயே கெடக்கறான்னு உங்க அத்தை போன் பண்ணிச் சொன்னாங்க" என்பேன். "சரிக்கா" என்று வைத்துவிடுவாள். ஒருநாள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். இன்னொரு நாள் எதுவும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டாள். குழந்தைக்குக் காய்ச்சலாம், பிறகு தெரிந்தது. அதன் பிறகு வெகுநாள் அழைப்பே இல்லை. நாங்களாகக் கூப்பிடுவதில்லை என்ற முறையின் பாரத்தை அப்போதுதான் முழுவதும் உணர்ந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் தனம் பார்சல் கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தையே பார்ப்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன்.

நித்யா கேட்டதற்கு என் பதில் இதுதான். காத்திருக்கும் ஆர்டரைப் பற்றி யாராவது எழுதினால் மெஷின் எதுவும் சொல்லவேண்டாம். உயிருள்ள ஒருவருக்கு அதை அனுப்பிவிடட்டும். அவர் போனை எடுத்து, அந்த வீட்டார் சொல்ல வந்ததை முடிக்கும்வரை காத்திருக்கட்டும். நைட்டி விற்பவர்களுக்கும் மசாலா விற்பவர்களுக்கும் தூளி இருக்காது. ஆனால் எந்தப் பொருளும் போய்ச் சேரும் வீட்டில் ஏதோ ஒரு வழக்கம் இருக்கும். தவறு நடந்தால் பரிகாரமும் அந்த வழக்கத்துக்குள்ளேயே இருக்கும். அதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த வருடம் மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் போன் அடித்தது.

"யம்மா, தூளிக் கடையா? ஆம்பூர்லருந்து பேசறேன். ஒரு சண்ட வந்துடுச்சி."

"இன்னாம்மா ஆச்சு?"

"இந்த ஷமீமு தூளியத் தரமாட்டேங்கறாம்மா. அவ புள்ளைக்கு அது தவிர வேற எதுலயும் தூக்கம் வரலியாம். கேட்டா எகிறிகினு வர்றா."

"நீங்களே வந்து அவுத்துப் பாருங்க அத்த, அவன் போடற சத்தத்த!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதற்குப் பின்னால் இன்னொரு பெண் சிரித்தாள். ரேவதி சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"அம்மா, அப்படின்னா…" என்றேன்.

"வந்துட்டாங்கம்மா. நேத்து சாயங்காலம் வூட்டுக்கு வந்துட்டாங்க. தோ, மடியிலதான் கீது."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். கௌசல்யாக்காவும் தனமும் அருகில் வந்தார்கள்.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். இன்னொண்ணு அனுப்பிடு. நல்லா அழுத்தமான செவப்பு."

"புதுசாங்கம்மா?"

"புதுசுதான், இன்னா இப்போ? சட்டையெல்லாம் அவ புள்ளையோட பழசுதான் போட்டுகினு கீது, அது போதும். இரு, கேளு."

ஏதோ உரசும் சத்தம். பிறகு மெலிதாக, மூச்சு எடுத்து எடுத்து, ஓர் அழுகை. நின்றதுபோல நின்று, மறுபடி இன்னும் ஓங்கி எழுந்தது.

"கேட்டுச்சா? விடியறதுக்கு முன்னாலருந்து இதே பாட்டு. சீக்கிரம் அனுப்பும்மா, தோளு வுட்டுப்போச்சு எனக்கு."